ஒன்பது புள்ளி ஒன்பது

அறிவின் விலை எங்கள் கடை மாடியில் மாதம் எண்ணூறு ரூபாய். அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து வந்தால் இருவருக்கும் ஆயிரத்து நானூறு. இது பிசிக்ஸ் அறிவுக்கு மட்டும். கெமிஸ்ட்ரி வேண்டுமென்றால் இரண்டு தெரு தள்ளிப் போக வேண்டும். அங்கே கொஞ்சம் கம்மி என்று கேள்வி. சரக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கீழே என் தானிய மண்டி, மேலே நிர்மலா டீச்சரின் டியூஷன். கீழே எடை கூவுகிற சத்தமும் மேலே பார்முலா ஒப்பிக்கிற சத்தமும் படிக்கட்டில் சந்தித்துக்கொள்ளும். மூட்டை தூக்குகிறவர்களுக்கே இப்போது நியூட்டனின் மூன்று விதிகளும் மனப்பாடம். அதற்காக யாருக்கும் கூலி கூடவில்லை.

போன ஐப்பசியில் ஒரு காலை நாராயணசாமி தன் பிக்கப் வண்டியை மண்டி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். சின்னசேலம் பக்கத்து விவசாயி. சொந்த நிலம் கீழே இருக்க, வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் ஐந்து ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போடுகிறார். விளைந்ததை என் மண்டிக்குத்தான் கொண்டுவருவார். அன்று வண்டி காலி. முன்கண்ணாடி முழுக்கச் சிலந்திவலை மாதிரி விரிசல், டிரைவர் பக்கத்தில் எலுமிச்சம்பழம் நுழைகிற ஓட்டை. அந்த ஓட்டை வழியாகப் பார்த்தபடியேதான் மலைப்பாதையில் இறங்கி வந்ததாகச் சொன்னார்.

மேலே போய் டீச்சரிடம், ஒரு கல் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போட வேண்டும், ஒரே ஒரு கணக்கு, அதற்கு என்ன ரேட் என்று கேட்டார்.

சில்லறையாகத் தருவதில்லை என்றார் டீச்சர். குறைந்தது ஒரு மாதம்.

“ஒரு கணக்குக்கு மாசம் பூரா நான் வந்து பெஞ்சுல ஒக்காரணுமா?”

“ஒக்காராட்டி பரவால்லைங்க. பீஸ் மட்டும் கட்டிடுங்க.”

கால் மணி நேரம் பேசினார். எண்ணூறில் ஒரு ரூபாய் குறையவில்லை. மலைக்குப் போக வர வண்டியும், மதியச் சாப்பாடும் அவர் பொறுப்பு என்று இரண்டு சரத்து கூடத்தான் செய்தது. பேரம் என்றால் என்ன என்று எங்கள் அப்பா காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். அன்றைக்குத்தான் டீச்சரின் வாடகையை இனி ஏற்ற முடியாது என்று எனக்குப் புரிந்தது.

கல்லின் கதை இதுதான். அந்தச் சிற்றூரில் கதிர் பால் பிடிக்கிற நாளிலிருந்து அறுவடை வரைக்கும் கிளி விரட்டுகிற காவல் காசிநாதனுடையது. சொந்தமாக ஒரு குழி நிலமில்லாதவர். ஊர் மேட்டில் அவருக்கு ஒரு பரண், கையில் ஒரு கவண், ஓடையில் பொறுக்கிய உருண்டைக் கற்கள் ஒரு கூடை. காவலின் எல்லையை அங்கே சங்கிலி போட்டு அளப்பதில்லை. காவல் தொடங்கும் நாளில் ஊரார் பார்க்க, காசிநாதன் பரணில் நின்று நான்கு பக்கமும் கல் எறிவார். எந்த வயலின் வரப்பைக் கல் தாண்டுகிறதோ அந்த வயல் முழுவதும் காவலுக்குள். தாண்டாவிட்டால் வெளியே. உள்ளே இருக்கிறவர்கள் ஏக்கருக்கு அரை மூட்டை தானியம் அறுவடையில் அளக்க வேண்டும். எட்டு ஏக்கர் உள்ளே இருந்தது. ஆக, நாலு மூட்டை. காசிநாதன் குடும்பத்துக்குக் கூலி வேலை இல்லாத மாதங்களில் சோறு அதுதான்.

நாராயணசாமியின் ஐந்து ஏக்கர் மேட்டுக்குக் கீழே, சரிவு முடிகிற இடத்தில். குத்தகை எடுத்து மூன்று வருடம். மூன்று வருடமும் முதல் நாள் கல் அவர் வரப்பை ஒட்டியிருந்த முட்புதருக்குள் போய் விழுந்தது. வரப்புக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று புதருக்குள் இறங்கிப் பார்க்க ஒருவரும் தயாராக இல்லை. நாராயணசாமி மட்டும் இறங்காமலே “இந்தப் பக்கம்தான், தாண்டல” என்று சத்தமாகச் சொன்னார். சத்தமாகச் சொன்னதே நிலைத்துவிட்டது. மூன்று வருடமாக அவர் ஒரு படி தானியம் அளந்ததில்லை. ஆனால் காசிநாதன் விரட்டுகிற கிளி, எட்டு ஏக்கரை மட்டும் விட்டுவிட்டு ஒன்பதாவது ஏக்கரில் உட்காருகிற கிளி இல்லை. அது மலையையே தாண்டிப் போய்விடும். அந்த வகையில் அவர் சோளமும் தப்பித்துக்கொண்டிருந்தது. இதற்கு வியாபாரத்தில் ஒரு பெயர் உண்டு. அவர் என் வாடிக்கை என்பதால் நான் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான், நாராயணசாமி தன் வயலின் மேல் வரப்பை ஒட்டி நிறுத்தியிருந்த பிக்கப்பின் கண்ணாடியில் கல் விழுந்தது. சீட்டில் கிடந்த கல்லை எடுத்துக்கொண்டு நேராகப் பரணுக்குப் போனார். புதுக் கண்ணாடி போட எட்டாயிரத்து எண்ணூறு ரூபாய். அன்றைய விலைக்குச் சரியாக நாலு மூட்டை மக்காச்சோளம். அதாவது காசிநாதனின் ஒரு வருடக் காவல் கூலி, அப்படியே.

தன் கல் அவ்வளவு தூரம் போகாது என்று காசிநாதன் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் நன்றாக இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பத்து வயதிலிருந்து கவண் சுழற்றுகிறவர் வாயால் அப்படிச் சொல்வது, நான் என் தராசு சரியில்லை என்று சொல்வது மாதிரி.

எறிந்து பார்த்தால் தீர்ந்துபோயிற்று என்று உங்களுக்குத் தோன்றும். ஊரில் பெரியதனம் பார்க்கிற, வழக்குத் தீர்த்துவைக்கிற சின்னதுரை அதற்கு இடம் கொடுக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் எறிந்தால் கல் வேண்டுமென்றே குறைவாகத்தான் போகும். வேறு யாராவது எறிந்தால் அது காசிநாதனின் கல் ஆகாது. நியாயமான பேச்சு. அப்போதுதான் நாராயணசாமி, தன் மகள் பிளஸ் ஒன்னில் இந்த மாதிரிக் கணக்கெல்லாம் போட்டாள், எறியாமலே கண்டுபிடிக்கலாம் என்றார். எறியாமலே கண்டுபிடிக்கலாம் என்றதும் சின்னதுரைக்கு ஆர்வம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். சோளத்தின் நிலவரம் பார்க்கிற சாக்கில் நானும் ஏறிக்கொண்டேன். டீச்சர் ஒரு நீள டேப், சாக்பீஸ், பிளஸ் ஒன் புத்தகம் மூன்றும் எடுத்து வந்தார். ஓட்டை வழியாக வந்த மலைக்காற்றில் மூன்று பேரும் வெள்ளிமலை வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

டீச்சரின் வேலை சுத்தம். பிக்கப்பை அன்று நின்ற டயர்த் தடத்திலேயே நிறுத்தச் சொன்னார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை ஊரில் ஒரு வீட்டு வேலையிலிருந்து வாங்கி, சரிவில் படிப்படியாக இறங்கினார். பரணிலிருந்து கண்ணாடி இருபது மீட்டர் பள்ளத்தில். டேப்பை மட்டமாகப் பிடித்து அளந்ததில், படுக்கைத் தூரம் நூற்று நாற்பது மீட்டர். கண்ணாடியும் வரப்பும் ஒரே கோட்டில் இருந்ததால் இரண்டுக்கும் அதே தூரம்தான்.

அடுத்து, கல் கவணை விட்டுக் கிளம்புகிற வேகம். இதை எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் காசிநாதனிடம், பரணுக்கு வர வேண்டாம், களத்திலேயே நின்று ஒரு கல்லை நேராக வானத்தைப் பார்த்து எறியச் சொன்னார்.

“மேலயா?”

“மேலதாங்க. உங்களால முடிஞ்ச மட்டும்.”

மேலே எறிவதற்கும் பக்கத்தில் எறிவதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று காசிநாதனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஊரே நின்று வேடிக்கை பார்க்கிறது என்பதுதான். வேட்டியை மடித்துக் கட்டி, கவணை மூன்று சுற்றுச் சுற்றி விட்டார். நாங்கள் எல்லோரும் பலா மரத்தடியில் ஒதுங்கினோம். கல் கண்ணுக்குத் தெரியாமல் போய், நேரம் கழித்து வைக்கோலில் வந்து விழுந்தது. டீச்சர் செல்போனைப் பார்த்து ஏழு வினாடி என்றார். நம்பிக்கையில்லாமல் இன்னொரு தரம் எறியச் சொன்னார். அதுவும் ஏழு.

பிக்கப்பின் பக்கத் தகட்டில் சாக்பீஸால் எழுதத் தொடங்கினார். ஏழு வினாடியில் மூன்றரை ஏற, மூன்றரை இறங்க. ஏறுகிற கல்லிடமிருந்து பூமி ஒவ்வொரு வினாடியும் பத்து மீட்டர் வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றரை வினாடியில் எல்லாம் தீர்ந்து கல் நிற்கிறது என்றால், கிளம்பும்போது முப்பத்தைந்து இருந்திருக்க வேண்டும். கமிஷன் பிடிக்கிற மாதிரியே இருந்ததால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. எந்தப் பக்கம் எறிந்தாலும் கை அதே கை, வேகம் அதே வேகம் என்றார் டீச்சர். காசிநாதன் அப்போதுதான் கவணைக் கீழே வைத்தார்.

மட்டமான தரையில் எறிந்தால் இந்த வேகத்துக்கு நூற்று இருபத்திரண்டு மீட்டர் போகும் என்று டீச்சர் முதலில் எழுதினார். காசிநாதனின் மனைவி பெரியம்மாள், சாமை புடைத்துக்கொண்டிருந்தவர், முறத்தை நிறுத்தி, அப்போது பதினெட்டு மீட்டர் குறைகிறதே, சமாச்சாரம் முடிந்ததா என்றார். முடியவில்லை. பரண் மேட்டில் இருக்கிறது, வண்டி பள்ளத்தில் இருக்கிறது. பள்ளத்துக்கு இறங்குகிற நேரத்திலும் கல் முன்னால் போய்க்கொண்டேதான் இருக்கும். அதையும் சேர்க்க வேண்டும்.

“காத்து?” என்றார் பெரியம்மாள். “மலைமேல காத்து அடிக்கிது இல்ல, அதையும் சேப்பீங்களா டீச்சர்?”

“காத்த இதுல சேக்கறதில்லைங்க.”

“ஏன் சேக்கறதில்ல?”

“சேத்தா பிளஸ் ஒன் பாடத்துல வராது.”

காற்றுக்கு இந்த வழக்கில் சம்பந்தமில்லை என்று சின்னதுரை தீர்த்துவைத்தார். காற்றைத் தள்ளிவைத்துவிட்டு டீச்சர் தகட்டின் அடிப்பக்கம் வரை இறங்கிவந்து விடையை எழுதி, கட்டம் கட்டினார். நாற்பத்தொரு டிகிரி சாய்வில் விட்டால், அதிகபட்சம் நூற்று நாற்பத்தொரு மீட்டர்.

கண்ணாடி நூற்று நாற்பதில். கல் நூற்று நாற்பத்தொன்று வரை போகும்.

நாராயணசாமி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எண்ணூறு ரூபாய் வீண் போகவில்லை என்று என்னிடம் சொன்னார். காசிநாதன் தகட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நாலு மூட்டை போனவனின் முகமும், கல் நூற்று நாற்பத்தொன்று மீட்டர் போகும் என்று எழுத்தில் பார்த்தவனின் முகமும் ஒரே முகத்தில் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

பெரியம்மாள் முறத்தைத் தட்டிக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“நூத்தி நாப்பத்தொண்ணு போவுதா டீச்சர்?”

“போவுங்க.”

“அய்யாவோட வரப்பு நூத்தி நாப்பதுல?”

“ஆமாங்க.”

“அப்ப கண்ணாடி நாங்க ஒடச்சதுதான். ஒத்துக்கறோம்.” பெரியம்மாள் சின்னதுரை பக்கம் திரும்பினார். “கல்லு வரப்ப தாண்டிடுச்சு. ஏக்கருக்கு அரை மூட்டை, அஞ்சு ஏக்கரு, மூணு வருஷம். ஏழர மூட்டை. நாலு மூட்டைய கண்ணாடிக்குக் கழிச்சிக்கினு மிச்சத்த எப்ப தருவாருன்னு கேளுங்க.”

கல் விழுகிற வரைக்கும் காவல் என்பதுதான் வழக்கம் என்று சின்னதுரை உறுதி செய்தார். நாராயணசாமி கொஞ்ச நேரம் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்து முப்பது வருடமாக விவசாயம் பார்க்கிறவர். விலை இறங்குகிற சந்தையில் அவர் இப்படித்தான் நிற்பார். பிறகு டீச்சர் வண்டி மேல் வைத்திருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பக்கத்தைக் கண்டுபிடித்து விரலை வைத்தார்.

“டீச்சர், இதுல ஒம்போது புள்ளி எட்டுன்னு இல்ல அச்சடிச்சிருக்கு? நீங்க பத்துன்னு போட்டிருக்கீங்க.”

சுலபத்துக்காகப் பத்து என்று வைத்துக்கொள்வது உண்டு, பரீட்சையிலும் அதற்கு அனுமதி உண்டு என்றார் டீச்சர். எங்கள் தொழிலிலும் சுலபத்துக்காக முழுசாக்குவது உண்டுதான். யாருடைய சுலபம் என்பதில்தான் சண்டையே வரும்.

ஒன்பது புள்ளி எட்டு வைத்துப் போடச் சொன்னார் நாராயணசாமி. டீச்சர் போட்டார். ஏழு வினாடி மாறாததால், பூமி பிடிப்பது குறைந்தால் கல் கிளம்பிய வேகமும் குறைந்துவிடுகிறது என்றார். விடை நூற்று முப்பத்தெட்டரை மீட்டர்.

“பாத்தீங்களா. ஒண்ணர மீட்டர் இப்பாலயே வுழுந்துடுச்சு. பாவம் காசி, அவன் மேல பழி போட்டது என் தப்பு. அவன் கல்லு எங்க வரப்போவுது இம்மாந்தூரம்.”

“இன்னா சொன்னீங்க?” என்றார் காசிநாதன்.

“ஒனக்கு நல்லதுதான்யா சொல்றேன். கண்ணாடி வாணாம். உட்டுட்டேன்.”

“எங்களுக்கு வாணாம் உங்க நல்லது,” என்றார் பெரியம்மாள். “டீச்சர் மொதல்ல பத்துன்னுதான் போட்டாங்க. பத்தே இருக்கட்டும்.”

இப்படித்தான் பூமியின் ஈர்ப்பு ஏலத்துக்கு வந்தது. ஒரு பக்கம் பத்து, இன்னொரு பக்கம் ஒன்பது புள்ளி எட்டு. கண்ணாடியை உடைத்தேன் என்று ஒருவர் சாதிக்க, இல்லவே இல்லை, நீ உடைக்கவில்லை என்று வண்டிக்காரர் மன்றாடிக்கொண்டிருந்தார். டீச்சர் குறுக்கே புகுந்து, இது தக்காளி விலை இல்லை, பேசி முடிவு செய்வதற்கு, இது இயற்கையில் இருக்கிற ஒரு எண், சரியாகச் சொல்லப்போனால் நம் பக்கத்தில் ஒன்பது புள்ளி ஏழு எட்டுக்குப் பக்கம் என்றார்.

அதை மட்டும் நாராயணசாமி பிடித்துக்கொண்டார்.

“ஏழு எட்டா? அப்ப நான் எட்டுன்னு சொன்னதே ஜாஸ்தி. பாருங்க பெரியதனம், நான் எவ்ளோ எறங்கி வந்திருக்கேன்.”

அவர் இறங்கி வந்தால் நாமும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்று சின்னதுரை பெரியம்மாளிடம் சொன்னார். எல்லை வழக்கானாலும் ஆட்டு வழக்கானாலும் சின்னதுரை தீர்ப்பது ஒரே முறையில்தான்: இரண்டு பக்கமும் சொல்வதைக் கேட்பார், நடுவில் வெட்டுவார். இதுவரை யாரும் திருப்தியாகப் போனதில்லை, யாரும் மேல்முறையீட்டுக்கும் போனதில்லை. அவர் சொன்னார்:

“ஒம்போது புள்ளி ஒம்போது.”

விடை என்ன வரும் என்று அப்போது அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதனால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். தான் இதற்கு உடன்படவில்லை என்று டீச்சர் சொல்ல, சின்னதுரை மரியாதையாகத் தலையாட்டி, கணக்கை மட்டும் போடச் சொன்னார்.

டீச்சர் போட்டார். இரண்டு தரம் சரிபார்த்தார். நூற்று முப்பத்தொன்பது மீட்டர், எண்பத்தைந்து சென்டிமீட்டர்.

“அப்டின்னா?” என்றார் சின்னதுரை.

“கல்லு வரப்புக்கு ஒரு சாண் முன்னால வுழுவுது.”

ஆக, கல் கண்ணாடியைத் தொடவில்லை, காசிநாதன் நாலு மூட்டை தர வேண்டாம். கல் வரப்பையும் தாண்டவில்லை, நாராயணசாமி ஏழரை மூட்டை தர வேண்டாம். கண்ணாடியை யாரும் உடைக்கவில்லை என்று முடிந்தது. நாராயணசாமி ஊரார் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். காசிநாதன் அந்த டீயைக் குடிக்கவில்லை. ஒரு சாணா, ஒரு சாணா என்று கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாள் தன் டீயையும் அவர் டீயையும் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்து, தீர்ப்பை மதிக்கிறோம் என்று சொல்லிப் போனார்.

அந்த அம்மாள் அப்படிச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு சிரித்தபடி போகிற வியாபாரியை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து நாராயணசாமி மண்டிக்கு வந்தார். கையில் ஒரு சோளக் கதிர். கதிர் என்று சொன்னால் அதற்குப் பாராட்டு. நடுத்தண்டு மட்டும்தான் இருந்தது. மணி ஒன்று கூட இல்லாமல், சீப்பால் வாரின மாதிரி சுத்தமாக இருந்தது.

கிளி என்றார்.

மலையில் நடந்தது இது. தீர்ப்பான மறுநாளிலிருந்து காசிநாதன் பரணில் நாராயணசாமி வயலுக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தார். அந்தப் பக்கம் கவணும் சுழலவில்லை, கூச்சலும் இல்லை. மற்ற மூன்று பக்கமும் விரட்டப்பட்ட கிளிகள் முன்பெல்லாம் மலையைத் தாண்டிப் போகும். இப்போது தாண்ட வேண்டிய அவசியம் இல்லை என்று கண்டுகொண்டன. எட்டு ஏக்கரில் விரட்டியதெல்லாம் ஐந்து ஏக்கரில் இறங்கின. வரப்பை ஒட்டிய முதல் ஏக்கர் முழுசாகக் காலி. இரண்டாவது ஏக்கரில் நேற்று உட்கார்ந்திருக்கின்றன.

நாராயணசாமியே ஆள் வைத்துப் பார்த்திருக்கிறார். கீழேயிருந்து கூலிக்கு வந்த ஆள் தகர டப்பாவைத் தட்டினான். முதல் நாள் கிளிகள் பறந்தன, இரண்டாம் நாள் திரும்பிப் பார்த்தன, மூன்றாம் நாள் அதுவும் இல்லை.

நேராக மாடி ஏறிப்போய் டீச்சரிடம், பத்தாகவே மாற்றிவிடலாம் என்றார். பசங்கள் எல்லோரும் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“நான் எதையும் ஏத்தவுமில்ல, எறக்கவுமில்லைங்க,” என்றார் டீச்சர். “நீங்களாப் பேசி முடிச்சது.”

“பரீட்சையில பத்துன்னா ஒத்துக்குறாங்கன்னு சொன்னீங்களே.”

“ஒத்துக்குவாங்க.”

“அது போதும் எனக்கு.”

அன்றைக்கே டீச்சர் இல்லாமல் அவரும் நானும் மலை ஏறினோம். விளைந்த சோளம் என் மண்டிக்கு வர வேண்டியது என்பதால் எனக்கும் அதில் அக்கறை இருந்தது. பரணில் காசிநாதன் முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் கவணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலேயே ஒரு கூட்டம் கிளி பறந்து எங்கள் பக்கம் வந்தது. நாங்கள் கூப்பிட்டதற்கு அவர் திரும்பவில்லை. பேச்சு வீட்டில் என்று கை காட்டினார்.

பெரியம்மாள் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பக்கமும் ரெண்டு கல் விட்டால் என்ன என்று நாராயணசாமி கேட்டார்.

“போவாத கல்ல எப்டிங்க வுடுறது? வரப்புக்கு ஒரு சாண் முன்னால வுழுந்துடுதே. டீச்சரே கணக்கு போட்டுச் சொல்லிட்டாங்க.”

“பத்தா ஆக்கிக்கலாம்மா.”

“பெரியதனம் முடிச்சு வெச்சத நாம மாத்தலாமா?”

சின்னதுரையை அழைத்துவந்தார்கள். இரண்டு பக்கமும் சம்மதம் என்றால் தனக்கு ஆட்சேபம் இல்லை, தன் தீர்ப்புகள் எப்போதும் மாற்றத்துக்கு உட்பட்டவைதான் என்றார். பெரியம்மாள் யோசித்தார். பத்து என்றால் கல் ஒரு மீட்டர்தான் உள்ளே வருகிறது, காற்று அடித்தால் அதுவும் நிற்காது, எதற்கும் பத்தரையாக வைத்துக்கொள்ளலாமே என்றார்.

“பத்தரைன்னு எந்த புக்குலயும் இல்லம்மா,” என்றார் நாராயணசாமி. புத்தகத்தின் மேல் இவ்வளவு பக்தியோடு ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. “பரீட்சையிலயே பத்து வரைக்கும்தான் உடறாங்க.”

“செரி, பத்து. அய்யாவுக்காக.”

“இந்த வருஷத்துலேர்ந்து பத்து.”

“போன வருஷம் பூமி வேற மாதிரி இழுத்துக்கினு இருந்துச்சா?”

நாராயணசாமி என்னைப் பார்த்தார். ஊர்க் கோடியில் ஒரு பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஏறி, டீச்சருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போன வருடத்து ஈர்ப்பு என்ன என்று கேட்டேன். போன வருடமும் அதேதான், அதற்கு முந்தின வருடமும் அதேதான், இதை அன்றைக்கே சொன்னேனே என்றார். டீச்சர் சொன்னதில் அந்த ஊர் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

மூன்று வருடம் என்று முடிவாயிற்று. கண்ணாடிக் கழிவில் தகராறு இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கல் எப்போது வந்தது, யார் கண்டது என்று பெரியம்மாள் ஏதோ ஆரம்பிக்கவும் செய்தார். பரணிலிருந்து இறங்கி வாசலில் வந்து நின்ற காசிநாதன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“ஒடச்சது என் கல்லுதான். நூத்தி நாப்பத்தொண்ணு போவும்.”

நாலு மூட்டை அவர் வாயாலேயே கழிந்தது. மனைவி அவரைப் பார்த்த பார்வைக்கு இந்தக் கணக்கில் இடம் இல்லை. அவர் திரும்பிப் பரணுக்குப் போனார். நாங்கள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைப்பதற்குள் முதல் கல் வரப்பைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. சோளத்திலிருந்து ஒரு பச்சை விரிப்பு எழுந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, மலைக்கு அந்தப் பக்கம் போயிற்று.

கடைசியில் ஒரு ஏக்கரில் சிக்கல் வந்தது. கிளி தின்று முடித்த முதல் ஏக்கருக்கு இந்த வருடத்துக் கூலி கிடையாது, விளையாத நிலத்துக்கு எதை அளப்பது என்றார் நாராயணசாமி. அது ஒன்பது புள்ளி ஒன்பது காலத்தில் நடந்த சேதம், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை, அரை மூட்டை அரை மூட்டைதான் என்றார் பெரியம்மாள். சின்னதுரை நடுவில் வெட்டக் கத்தியை எடுத்தார். கால் மூட்டைக்கு இரண்டு பேருமே சம்மதிக்கவில்லை. அது தனியாக நிற்கட்டும் என்று விட்டார்கள்.

மார்கழியில் சோளம் என் மண்டிக்கு வந்தது. அப்போதே எடை போட்டு, காசிநாதன் பங்கைத் தனியாகப் பிரித்து, அதே வண்டியில் மேலே அனுப்பி வைத்தேன். கண்ணாடி புதுசு. இரண்டு பக்கமும் என்னிடம் சொல்லி வைத்திருக்கிற கணக்கு இப்படி நிற்கிறது.

காசிநாதனுக்கு வர வேண்டியது, பத்து வீதம், மூன்று வருடத்துக்கு: ஏழரை மூட்டை.
கண்ணாடிக்குக் கழித்தது: நாலு மூட்டை.
கையில் கொடுத்தது: மூன்று மூட்டை.
கிளிகள் பேரில் பாக்கி: அரை மூட்டை.